திருகோணமலைக் கடல் காற்றுக்கு டைட்டானியம் வீல் நட்: எதைப் பார்த்து எடுப்பது?

நிலாவெளி_86:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது டொயோட்டா 86. வீடு நிலாவெளி வீதியில், கடலுக்குக் கூப்பிடு தூரம். வாடைக் காலம் முடிந்து பார்த்தால் வீல் நட் எல்லாம் செம்பழுப்பாகி, மழைத் தண்ணீரோடு துரு வடிந்து ரிம்மில் கோடு விழுந்து கிடக்கிறது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய் பூசினால் கொஞ்ச நாளைக்குச் சரி. அப்புறம் பழைய கதைதான்.

இப்போது புது அலோய் ரிம் ஒரு செட் வருகிறது. கையோடு டைட்டானியம் நட்டும் போடலாம் என்று யோசிக்கிறேன். இணையத்தில் தேடினால் மலிவு விலையிலும் இருக்கிறது, அதைப் போலப் பல மடங்கு விலையிலும் இருக்கிறது. படத்தில் எல்லாம் ஒரே மாதிரி நீலமும் ஊதாவுமாக மின்னுகின்றன. திருகோணமலையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்க ஒரு கடையும் இல்லை, வெளியில் இருந்து எடுப்பித்தாக வேண்டும். காசைக் கொட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இது உண்மையில் நின்று உழைக்குமா? உழைக்கும் என்றால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

சீனக்குடா:

தம்பி, உலோகத்தைப் பற்றிப் பிறகு கதைப்போம். முதலில் அளவு. 86-க்கும் சுபாரு பிஆர்இசட்டுக்கும் ஒரே ஸ்டட்தான் (நட் ஏறும் இரும்புத் தண்டு), எம்12 × 1.25, அதாவது விட்டம் 12 மில்லிமீற்றர், புரிக்குப் புரி இடைவெளி 1.25. டொயோட்டா என்ற பெயரைப் பார்த்துவிட்டு மற்ற டொயோட்டாக்களுக்கு வரும் எம்12 × 1.5 நட்டை அனுப்பிவிடுவார்கள். கையால் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று போகும், பிறகு இறுகும். இறுகுகிறதே என்று ரெஞ்ச் போட்டால் ஸ்டட் போய்விடும்.

அடுத்தது நட்டின் இருக்கை. ரிம்மில் நட் உட்காரும் இடத்தைத்தான் சொல்கிறேன். வெளியில் வாங்கும் ரிம்களில் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. உங்கள் வாகனத்தோடு வந்த ரிம்மும் கூம்புதான், ஆனாலும் புது ரிம் செய்தவரின் குறிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நட்டின் வெளி அளவு. இப்போது இருப்பது 19 மில்லிமீற்றர் சொக்கெட்டுக்கு. புது ரிம்களில் நட் குழி ஒடுக்கமாக இருக்கும், 19 சொக்கெட்டை உள்ளே விட்டால் சுவரில் உரசும். அதனால்தான் பலரும் 17-க்குப் போகிறார்கள். மெல்லிய சுவர் சொக்கெட் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள், பிளாஸ்டிக் உறை போட்டதாக இருந்தால் இன்னும் நல்லது.

இந்த மூன்றும் சரியாக வராவிட்டால் டைட்டானியமும் ஒன்றுதான், தகரமும் ஒன்றுதான்.

கிண்ணியா_கராஜ்:

ஸலாம், வணக்கம். தம்பி, நான் மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். எனக்கு இந்த டைட்டானியம் நட்டில் விருப்பமில்லை.

அண்மையில் ஒரு வாகனம் வந்தது, ஊர் பேர் வேண்டாம். நீல நிற டைட்டானியம் நட், பார்க்க நல்ல வடிவு. எங்கேயோ டயர் மாற்றிய இடத்தில் எயார் கன்னால் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டிருக்கிறார்கள், புரியில் ஒரு பொட்டு பசை இல்லை. கழற்றும்போது பாதி வழியில் கீச்சென்று சத்தம், அதற்குப் பிறகு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கடைசியில் ஸ்டட்டை முறித்துத்தான் எடுத்தோம். நட்டை இரண்டாக அறுத்துப் பார்த்தால் புரியின் அடியில் வெள்ளி ஊசி மாதிரிச் சிம்புகள் ஒட்டிக்கிடக்கின்றன. ஸ்டட்டின் முன்பக்கத்து மூன்று நான்கு புரிகள் மழுங்கித் தட்டையாகிவிட்டன. மற்ற ஸ்டட்களிலும் அதே சிம்பு. ஒரு சில்லுக்கு ஐந்து ஸ்டட்டும் புதிதாக அடித்து இறக்க வேண்டியதாயிற்று.

என்னைக் கேட்டால் ஒரே துண்டாகக் கடைந்த குரோமொலி (குரோமியமும் மொலிப்டினமும் கலந்த) இரும்பு நட் போடுங்கள். கறுப்புப் பூச்சோடு வரும். பூச்சு போனால் மாற்றலாம், செலவும் கையைக் கடிக்காது. இரும்பு நட்டுக்கு மேல் மினுமினுப்புத் தொப்பி போட்டு வருமே, அதை மட்டும் எடுக்கவே வேண்டாம். தொப்பிக்கும் நட்டுக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் இறங்கி, உள்ளே துரு பிடித்துத் தொப்பி வீங்கிவிடும். பிறகு 19-ம் ஏறாது, 21-ம் பிடிக்காது. வீதியோரத்தில் டயர் மாற்ற நேர்ந்தால் தலையில் கைதான்.

மூதூர்_சிவிக்:

இழையின் நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். என்னுடையது ஹொண்டா சிவிக், கம்பனி ரிம்தான். கூம்பு நட் போடலாமா? கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்கிறார்.

சீனக்குடா:

ஒன்றில்லை, போடவே கூடாது. ஹொண்டாவின் சொந்த ரிம்மில் இருக்கை உருண்டை. கிண்ணம் போலக் குழிந்த இடத்தில் கூம்பை வைத்தால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான் தொடும். இறுக்கியதும் டோர்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை, அதாவது டோர்க்கை, அளந்து இறுக்கும் ரெஞ்ச்) டக் என்று சொல்லிவிடும், ஆனால் பிடி இருக்காது. ஓட ஓட அந்தக் கோடு நசுங்கி நட் தளரும்.

எந்த ரிம்மாக இருந்தாலும் ஒரு சோதனை செய்யலாம். நட்டின் இருக்கைப் பகுதியில் மார்க்கர் பேனாவால் சுற்றிவர மை பூசி, காய்வதற்குள் ரிம்மில் மெதுவாக இறுக்கிக் கழற்றுங்கள். ரிம்மில் அகலமான பட்டையாக மை பதிந்தால் இருக்கை பொருந்துகிறது. நூல் மாதிரி ஒரு வளையம் மட்டும் விழுந்தால் அந்த நட் அந்த ரிம்முக்குரியது அல்ல. டொயோட்டாவின் பல அலோய் ரிம்களுக்கு வொஷரோடு கூடிய தட்டை நட் வரும், அதற்கும் இதே கதைதான்.

உவர்மலை_வாசி:

நான் உலோகப் பொறியியல் படித்து அதே துறையில் வேலை செய்பவள். கிண்ணியா நானா சொன்னதில் ஒரு வரியையும் மறுக்க மாட்டேன். அவர் பார்த்த சிம்புக்கு என்ன காரணம் என்று பிறகு எழுதுகிறேன். அதற்கு முன், தம்பி இதை எதற்காக வாங்குகிறார் என்பது தெளிவாக வேண்டும்.

விற்பவர்கள் எல்லோரும் பாடுவது எடைக் குறைப்பு. கணக்கைப் பார்ப்போம். நட்டுக்குப் பயன்படும் கிரேட் 5 டைட்டானியத்தில் 6 வீதம் அலுமினியமும் 4 வீதம் வனேடியமும் இருக்கும். அதன் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 4.43 கிராம். இரும்பு 7.85. ஆக, 50 கிராம் இரும்பு நட்டை அதே வடிவில் டைட்டானியத்தில் செய்தால் 28 கிராம். நட் ஒன்றில் 22 கிராம் மிச்சம், ஒரு சில்லுக்கு 110 கிராம், முழு வாகனத்துக்கும் அரைக் கிலோகூட இல்லை. அந்த 110 கிராமும் சில்லின் நடுவில், அச்சில் இருந்து 50 மில்லிமீற்றர் தூரத்தில் இருக்கிறது. 86-இன் டயர் விளிம்போ 310 மில்லிமீற்றருக்கு அப்பால். சுழலும் சடத்துவத்துக்குத் தூரத்தின் வர்க்கம்தான் கணக்கு. நடுவில் குறைத்த 110 கிராம், டயர் விளிம்பில் 3 கிராம் குறைத்ததற்குச் சமம். தேயத் தேய டயரே அதைவிட எத்தனையோ மடங்கு இழக்கிறது. எடைக்காக என்றால் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம்.

பலத்துக்காகவும் அல்ல. கிரேட் 5-இன் இழுவலிமை 900 மெகாபஸ்கலுக்குச் சற்று மேல். நல்ல குரோமொலி இரும்பும் அந்த எல்லையில்தான் இருக்கிறது, பதப்படுத்தினால் மேலேயும் போகும்.

அப்படியென்றால் ஏன் வாங்க வேண்டும்? துரு. நம் ஊரில் இதற்கு இருக்கும் ஒரே நல்ல நியாயம் அதுதான். டைட்டானியத்தின் மேல் தானாகவே ஒரு மெல்லிய ஒட்சைட்டுத் தோல் உருவாகிறது. சுரண்டினாலும் காற்றுப் பட்டதும் உடனே மூடிக்கொள்ளும். கடல் நீர் அதை ஒன்றும் செய்வதில்லை. இரும்பு நட்டில் பூச்சு இருக்கும்வரைதான் பாதுகாப்பு, சொக்கெட் படும் மூலைகளில்தான் அந்தப் பூச்சு முதலில் போகும். துரு தொடங்குவதும் அங்கேதான். அலுமினியம் நட் எடை குறைவு, ஆனால் புரி இரும்பு ஸ்டட்டில் ஏறி இறங்கித் தேய்ந்துவிடும். நீண்ட நாள் ஓட்டத்துக்கு அது வேண்டாம்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. நட் துருப்பிடிக்காது, ஆனால் உள்ளே இருக்கும் ஸ்டட் இரும்பு. ரிம் அலுமினியம். உப்பு ஈரத்தில் இந்த மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தால் அரிப்பைச் சுமப்பது டைட்டானியம் அல்ல, மற்ற இரண்டும். நட் சிறியது, ரிம் பெரியது என்பதால் இது மெதுவாகத்தான் நடக்கும். ஆனாலும் கூம்பில் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதற்குக் காரணம் இதுதான். அதனால் என் தெரிவு முனை மூடிய நட். முனை திறந்த நட் ஓட்டப் பந்தயக்காரர்களுக்குப் பொருந்தும், நிலாவெளியில் அது ஸ்டட்டின் தலையை உப்புக் காற்றுக்குக் கொடுத்துவிடும்.

நிலாவெளி_86:

அக்கா, மிக்க நன்றி. எடையைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை, துருதான் என் பிரச்சினை. இப்போது பயம் நானா சொன்ன அந்தச் சிம்புதான். அதைத் தவிர்க்க முடியுமா, அல்லது டைட்டானியம் என்றாலே அது வருமா?

உவர்மலை_வாசி:

தவிர்க்கலாம். ஆனால் வாங்கும்போது முடிகிற வேலை இல்லை, ஒவ்வொரு முறை கழற்றிப் பூட்டும்போதும் கவனம் வேண்டும்.

அந்த ஒட்சைட்டுத் தோல் துருவுக்கு எதிராக நல்லது, உரசலுக்கு எதிராக அல்ல. பெரும் அழுத்தத்தில் புரியும் புரியும் உரசும்போது தோல் கிழிகிறது. உள்ளே இருக்கும் வெறும் உலோகம் எதிரே இருக்கும் உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மேலும் திருப்பினால் ஒட்டிய இடம் பிய்ந்து சிம்பாகி அடுத்த புரியையும் கீறுகிறது. வேகமாகத் திருப்பினால் சூடும் சேரும், அதனால்தான் எயார் கன் இதற்கு எமன். பாதியில் இறுக்கம் தெரிந்தால் பலம் கொடுக்காமல் அங்கேயே நிறுத்தி, பின்னால் திருப்பி எடுத்து, புரியைத் துடைத்துப் பார்க்க வேண்டும்.

மருந்து அன்டி-சீஸ் பசை, அதாவது புரிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும் பசை. நிக்கல் கலந்தது நம் கடற்கரைக்கு நல்லது. புரிக்கு மட்டும், மெல்லியதாக. பசை போட்டால் இன்னொரு பலனும் உண்டு, ஸ்டட்டுக்கும் நட்டுக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் புகாது.

ஆனால் பசை போட்ட உடனே டோர்க் கணக்கு மாறிவிடுகிறது. பலரும் கவனிக்காத இடம் இது. நாம் ரெஞ்சில் கொடுக்கும் டோர்க்கில் ஏறக்குறைய பாதி நட்டின் இருக்கை உரசலில் போகிறது, 40 வீதம் போலப் புரியின் உரசலில். ஸ்டட்டை இழுத்து ரிம்மைப் பிடிப்பதற்கு மிஞ்சுவது 10 வீதம் அளவுதான். உரசலைக் கொஞ்சம் குறைத்தாலும் அந்த மிச்சம் பெரிதாகக் கூடும். 86-க்குக் கம்பனி சொல்வது 120 நியூட்டன் மீற்றர். உலர்ந்த புரியில் அது ஒரு ஸ்டட்டுக்கு ஏறக்குறைய 5 தொன் இழுவை. உரசல் நான்கில் ஒரு பங்கு குறைந்தால் அதே 120-க்கு ஏறக்குறைய 6.5 தொன். எம்12 ஸ்டட் நிரந்தரமாக நீளாமல் தாங்கக்கூடிய எல்லை, 10.9 என்ற வலிமைத் தரத்து இரும்பென்றால், 7.8 தொன் அளவு. எல்லைக்கு அருகில் போய்விடுகிறோம், பார்த்தீர்களா? ரெஞ்சும் பிழையாகக் காட்டினால் ஸ்டட் நீளத் தொடங்கலாம்.

ஆகவே நட் செய்தவரிடம் ஒரே கேள்வி: உங்கள் டோர்க் எண் உலர்ந்த புரிக்கா, பசை போட்ட புரிக்கா? அதற்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். கூம்பில் பசை போட வேண்டும் என்று அவரே எழுத்தில் சொன்னால் ஒழிய, கூம்பை உலர்வாகவே விடுங்கள்.

கிண்ணியா_கராஜ்:

தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. எனக்கு இப்போதும் இரும்பு நட்தான் விருப்பம். ஏனென்றால் டயர் கடைப் பொடியன் நீங்கள் சொல்லும் ஒன்றையும் கேட்க மாட்டான். அவனுக்கு வரிசையில் ஐந்து வாகனம் நிற்கும். சொந்தமாக டோர்க் ரெஞ்ச் வைத்துக்கொண்டு, டயர் கடையில் பக்கத்தில் நின்று, கையாலேயே பூட்டுவிக்கிறவர் என்றால் டைட்டானியம் போடட்டும். சாவியைக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவருக்கு இது சரிவராது.

சீனக்குடா:

நானா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் என் மிட்சுபிஷி எவோ காரை மலையேற்றப் போட்டிக்கு எடுத்துப் போகிறவன். மழை வந்தால் ஒரு டயர், வெயில் வந்தால் இன்னொரு டயர் என்று ஒரே நாளில் திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்ட வேண்டும். அங்கே நான் போடுவது குரோமொலி இரும்பு. ஆறுதலாகப் பசை பூசிக் கையால் சுற்றுவதற்கு நேரம் கிடையாது. நட் தேய்ந்தால் வீசிவிட்டு அடுத்ததை எடுக்கலாம். ஓட்டப் பந்தயத்துக்குத்தான் டைட்டானியம் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் எப்போதாவது மட்டும் கழற்றுகிற, நன்றாகக் கவனிக்கிற வீதி வாகனத்துக்குத்தான் அது அதிகம் பொருந்துகிறது.

கந்தளாய்_வீதி:

போலி எப்படிக் கண்டுபிடிப்பது? காந்தம் வைத்துப் பார்த்தால் போதுமா?

உவர்மலை_வாசி:

போதாது. காந்தம் ஒட்டினால் அது டைட்டானியம் இல்லை என்பது மட்டும் நிச்சயம். ஒட்டாவிட்டால் அலுமினியமாகவும் இருக்கலாம், சில வகைத் துருவேறா இரும்பாகவும் இருக்கலாம். நிறத்தையும் நம்ப வேண்டாம். அந்த நீலமும் ஊதாவும் மின்சாரம் கொடுத்தோ சூடாக்கியோ தடிப்பாக்கிய ஒட்சைட்டுத் தோலில் ஒளி படும் விதத்தால் வருவது. அலுமினியத்துக்குச் சாயமேற்றி அதே நிறத்தைக் கொண்டுவந்துவிடலாம்.

நல்ல சோதனை தண்ணீர்தான். நகைக்கடைத் தராசு போல நுட்பமாக நிறுக்கும் ஒன்று வேண்டும். முதலில் நட்டை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தராசில் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்துப் பூச்சியமாக்குங்கள். நட்டை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் முட்டக்கூடாது. முனை மூடிய நட் என்றால் வாயை மேலே வைத்து உள்ளே காற்றுக் குமிழி நிற்காமல் ஆட்டி எடுக்க வேண்டும். இப்போது தராசு காட்டும் கிராம்தான் நட்டின் கன அளவு, கன சென்ரிமீற்றரில். முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. 4.4 வந்தால் டைட்டானியம். 2.8 என்றால் அலுமினியம். 7.8 பக்கம் வந்தால் இரும்பு.

இந்தச் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. மலிவு நட்களில் சில கிரேட் 2, அதாவது கலப்பில்லாத டைட்டானியம். அதன் அடர்த்தி 4.51, கிரேட் 5-க்கு மிக அருகில். பலமோ பாதிக்கும் குறைவு. தண்ணீரில் இதைப் பிரிப்பது கடினம். அதற்குத்தான் உலோகம் எந்த வார்ப்பில் இருந்து வந்தது என்ற ஆலைச் சான்றிதழைக் கேட்க வேண்டும். "விமானத் தரம்" என்று பெட்டியில் அச்சடித்திருப்பது சான்றிதழ் ஆகாது. "உருட்டிய புரி" (வெட்டாமல் அழுத்தி உருவாக்கிய புரி) என்ற விளம்பரத்துக்கும் மயங்க வேண்டாம், அது போல்ட்டுக்குப் பெரிய விஷயம். நட்டின் உள் புரி பெரும்பாலும் டப் போட்டு வெட்டியதுதான்.

கந்தளாய்_வீதி:

நன்றி அக்கா. டைட்டானியம் என்றதும் புல்மோட்டை நினைவுக்கு வந்தது. நம் மாவட்டத்து மண்ணில் இருந்து போவதும் இதுதானே?

உவர்மலை_வாசி:

மூலப்பொருள் அதுதான். புல்மோட்டைக் கரையில் இருக்கும் கறுப்பு மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் எல்லாம் இருக்கின்றன. முதல் இரண்டும் டைட்டானியத் தாதுக்கள். ஆனால் உலகத்தில் தோண்டும் டைட்டானியத் தாதுவில் பெரும்பகுதி உலோகமாவதில்லை, பெயின்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் போடும் வெள்ளை நிறமியாகிறது. உலோகமாக்க வேண்டும் என்றால் தாதுவைக் குளோரினோடு சேர்த்து டைட்டானியம் டெட்ராகுளோரைட்டாக்கி, காற்றுப் படாத கலனில் மக்னீசியத்தால் பிரிக்க வேண்டும். குரோல் முறை என்று பெயர். கலன் கலனாக, நாள் கணக்கில் நடக்கும் வேலை. நட்டின் விலைக்கு அதுவும் ஒரு காரணம், கடைவதற்கு மெதுவாகத்தான் ஓட்ட முடியும் என்பது இன்னொரு காரணம். தாது நம் கரையில் இருந்து கப்பலேறிப் போக, நாம் நட்டை வெளியில் இருந்து எடுப்பிக்கிறோம். இங்கேயே நிறமித் தொழிற்சாலையாவது வர வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. சரி, அது வேறு இழைக்குரிய பேச்சு.

மூதூர்_சிவிக்:

மச்சான் ஒருவர் பிஎம்டபிள்யூ வைத்திருக்கிறார். அதற்கும் இதே விதிகள்தானா?

சீனக்குடா:

அதில் நட் இல்லை, ஹப்புக்குள் (சில்லைப் பூட்டும் நடுப்பகுதிக்குள்) போகும் போல்ட். நட் என்றால் இழுவையைத் தாங்குவது இரும்பு ஸ்டட். போல்ட்டை டைட்டானியமாக்கினால் இழுவை முழுவதையும் டைட்டானியமே தாங்க வேண்டும். தலைக்குக் கீழ் வளைவு, புரி உருட்டிய விதம், எத்தனை முறை கழற்றலாம் என்பதெல்லாம் அங்கே உயிர் விஷயம். தெரிந்த தயாரிப்பாளரிடம் இருந்து வந்தால் ஒழியத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நிலாவெளி_86:

இரண்டு விற்பனையாளர்களுக்கு எழுதிக் கேட்டேன். ஒருவர் மலிவு. எந்தக் கிரேட் என்று கேட்டதற்கு "நல்ல தரம்" என்று பதில். டோர்க் எவ்வளவு என்று கேட்டதற்கு "வாகனத்தின் கையேட்டைப் பாருங்கள்". பசையைப் பற்றி ஒன்றும் இல்லை. மற்றவர் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. கிரேட் 5 என்று ஆலைச் சான்றிதழின் பிரதி அனுப்பினார், வார்ப்பு எண் நட் பெட்டியிலும் இருக்கும் என்றார். புரிக்குப் பசை, கூம்பு உலர்வு, அந்த நிலையில் எவ்வளவு டோர்க் என்பதையும் ஒரு தாளில் எழுதி அனுப்பினார். 17 அறுகோணம், 60 பாகைக் கூம்பு, முனை மூடியது. அவரிடமே சொல்லிவிட்டேன்.

முனை மூடியது என்பதால் ஸ்டட் நீளம் இடிக்குமா என்று மட்டும் ஒரு சந்தேகம்.

கிண்ணியா_கராஜ்:

நல்ல சந்தேகம். இடித்தால் ஆபத்து, ஏனென்றால் நட்டின் அடி ஸ்டட்டில் முட்டி இறுகும், ரெஞ்சும் டக் என்று சொல்லும், ரிம் ஆடிக்கொண்டு இருக்கும்.

ரிம் போடாமல் வெறும் ஸ்டட்டில் நட்டைக் கையால் சுற்றுங்கள். எத்தனை சுற்றில் அடி முட்டுகிறது என்று எண்ணுங்கள். அது நட்டின் ஆழம். பிறகு ரிம்மைப் போட்டு, நட் கூம்பில் உட்காரும்வரை எண்ணுங்கள். 1.25 புரிக்குக் குறைந்தது 10 சுற்றுப் பிடிக்க வேண்டும், ஸ்டட்டின் விட்டம் அளவு புரி அதில்தான் வரும். முதல் எண்ணிக்கையைவிட இரண்டு மூன்று சுற்றாவது குறைவாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரி என்றால் பயமில்லை. ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ஸ்பேசர் தகடு போட்டிருந்தால் கட்டாயம் எண்ணிப் பாருங்கள்.

நட் வந்ததும் வாகனத்தைக் கொண்டு வாருங்கள். துருப்பிடித்த ஸ்டட்டில் புது டைட்டானியம் நட்டை ஏற்ற நான் விடமாட்டேன், துருத் துகளே புரியைக் கீறப் போதும். குழி விழுந்த ஸ்டட்டை மாற்றுவோம், மற்றதைக் கம்பி பிரஷ்ஷால் வடிவாகச் சுத்தம் செய்வோம். ஹப்பின் முகத்தையும் சுரண்ட வேண்டும், அங்கே துரு தடித்து நின்றால் ரிம் நேராக உட்காராது, எந்த நட்டும் தளரும். சில்லைத் தூக்கி வைத்தபடி எல்லா நட்டையும் கையால் கடைசிவரை சுற்றி, நட்சத்திர வரிசையில் பாதி டோர்க், பிறகு நிலத்தில் இறக்கி முழு டோர்க். அடுத்த நாள் ஹபரணைப் பக்கம் ஒரு ஓட்டம் போங்கள், போய் வந்து சூடு ஆறியதும் திரும்ப ஒரு தடவை ரெஞ்ச் போட்டுப் பார்க்க வேண்டும்.

உவர்மலை_வாசி:

ரிம் கழுவும் திரவம் வாங்கும்போது அமிலம் கலந்ததை விட்டுவிடுங்கள். ஹைட்ரோபுளோரிக் அமிலம் சேர்ந்த வகைகள் டைட்டானியத்தின் அந்தத் தோலைக் கரைத்துவிடும், கடல் நீரால் முடியாததை அது செய்யும். நல்ல தண்ணீரும் சாதாரணக் கார் சவர்க்காரமும் போதும். வாடை வீசும் நாட்களில் இரண்டு நாளைக்கு ஒரு முறையாவது சில்லுக்குத் தண்ணீர் அடியுங்கள். சொக்கெட் படும் இடத்தில் நீல நிறம் தேய்ந்து சாம்பலாகத் தெரிந்தால் கவலை வேண்டாம், நட்டுக்குக் கேடு ஒன்றும் இல்லை.

நிலாவெளி_86:

பொருள் வந்துவிட்டது. வார்ப்பு எண் சான்றிதழோடு பொருந்துகிறது. தெரிந்த நகைக்கடையில் தராசு கேட்டு, அக்கா சொன்னபடி தண்ணீரில் பார்த்தேன். நட் 29.2 கிராம், தண்ணீரில் 6.6. வகுத்தால் 4.42. பெட்டியில் இருந்து கண்ட கண்டபடி எடுத்த இன்னும் சிலவற்றையும் நிறுத்தேன், எல்லாம் அதே பக்கத்தில்தான் நிற்கின்றன. நூலைக் கட்டி ஒரு முறை தொங்கவிட்டபோது வாய்க்குள் குமிழி நின்று எண் மாறியது, ஆட்டி எடுத்ததும் சரியாகிவிட்டது. யாராவது செய்தால் அதைக் கவனியுங்கள்.

மை சோதனையும் செய்தேன், புது ரிம்மில் பட்டை அகலமாக விழுகிறது. நானா, சனிக்கிழமை காலையில் வரலாமா? ஸ்டட் ஒரு செட் வாங்கிக்கொண்டே வருகிறேன்.

கிண்ணியா_கராஜ்:

வாருங்கள் தம்பி, எட்டு மணிக்கு முதல் வந்தால் வெயிலுக்கு முன் முடிக்கலாம். பழைய இரும்பு நட்டை எறிய வேண்டாம். அதில் துரு குறைந்த ஐந்தைப் பொறுக்கிச் சுத்தம் செய்து, 19 சொக்கெட்டோடு சேர்த்து டிக்கியில் போட்டுத் தருகிறேன். ஹபரணைக் காட்டு வழியில் இரவில் டயர் போய், ஒரு நட் பாதியில் இறுகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யானை நிற்கிற ரோட்டில் அதோடு மல்லுக்கட்ட முடியாது. இறுகும் நட்டை ஒதுக்கிவிட்டு இரும்பு நட்டைப் போட்டு நேரே வீட்டுக்கு வந்துவிடலாம். கூம்பும் புரியும் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் அந்த ஒன்றை மட்டும் பசை இல்லாமல் கம்பனி சொன்ன 120-க்கு இறுக்க வேண்டும்.